சமயபுரத்துக்கு நடந்து போனால்தான் பாட்டு

சமயபுரம் மாரியம்மன் கோயில் பூச்சொரிதல் திருவிழாவுக்குப் போகிறவர்கள் முடிந்தால் பஸ்ஸில் போகாதீர்கள், நடந்து போங்கள். மாசிக் கடைசி ஞாயிறுக்கு முந்தைய ராத்திரி நாங்கள் ஸ்ரீரங்கத்தில் கிளம்பி, கொள்ளிடம் பாலம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட் வழியாகப் போனோம். சன்னதியில் அம்மனைப் பார்த்தது சில நொடிதான், அதற்குள் "நகருங்க, நகருங்க". வழியெல்லாம் கேட்ட பாட்டுதான் இன்னும் காதில் இருக்கிறது.

நீர்மோர்ப் பந்தலுக்குப் பந்தல் ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி. அவர் குரல் இல்லாமல் மாரியம்மன் திருவிழாவா, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பந்தலுக்கு நடுவே அந்தச் சத்தம் அடங்குகிற இடத்தில்தான் முன்னால் போன மஞ்சள் சேலைக் கூட்டத்தின் பாட்டு எழும்பியது. ஒரு பாட்டி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். துதி மாதிரியே இல்லை. மகளுக்கு வரன் அமையலையே, மழை எங்கே, நீ என்ன தூங்குறியா என்று உரிமையோடு சண்டை, அடுத்த அடியிலேயே கோபிச்சுக்காதே தாயே, வேப்பிலை வீசுறேன் என்று சமாதானம்.

இந்தக் கெஞ்சல் அம்மை போட்ட வீடுகளில் பழகியது. மருந்தே இல்லாத காலத்தில், உடம்பில் இறங்கியிருப்பவளைத் தாலாட்டிக் குளிரவைத்து அனுப்பத்தான் மாரியம்மன் தாலாட்டு படித்தார்கள். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-ல் உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது, சரி, ஆனால் எங்கள் தெருவில் சின்னம்மைக்கு இன்னமும் அதைத்தான் படிக்கிறார்கள்.

கூடை கூடையாகப் பூ கொட்டுவதும் அவளைக் குளிர்விக்கத்தான். பூச்சொரிதல் தொடங்கும் அந்த ஞாயிறிலிருந்து 28 நாள் அம்மனே பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், இவ்வளவுதான். பாட்டி இதையும் விடவில்லை. ஊருக்கெல்லாம் சோறு போட்டுட்டு நீ மட்டும் பட்டினியா என்று இழுத்துப் பாடியதும் பின்பாட்டில் பாதிப் பேருக்குக் குரல் உடைந்துவிட்டது, எனக்கும்தான்.

சித்திரைத் தேருக்குக் கூட்டம் இன்னும் அதிகம், அப்போது பாட்டு கேட்க நிற்கக்கூட முடியாது. பூச்சொரிதலுக்கே போங்கள். பூ ஏற்றிய வண்டிகள் வரிசையாக வரும், ஓரமாக நடங்கள். பாடுகிற கூட்டம் ஒன்றைப் பார்த்துப் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள், எந்த ஊர் என்று கேட்பார்கள், அப்புறம் சேர்ந்து பாடச் சொல்வார்கள்.