ஒஷோக்போவில் ஒரு சாண் உயரச் சிலை

நைஜீரியாவின் ஒஷோக்போ நகர் ஓரத்தில், ஒஷுன் ஆற்றையொட்டி 75 ஹெக்டேரில் ஒரு காடு இருக்கிறது. யொரூபா மக்களுக்கு அது ஆற்றுத் தெய்வமான ஒஷுன் தாய் குடியிருக்கும் இடம். 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆகஸ்ட் திருவிழாவில் கூட்டம் அலைமோதுமாம். நான் போனது அமைதியான ஒரு நாளில். ஆற்றங்கரையில் வெள்ளை உடுத்திய இரு பெண்கள் மண்டியிட்டு "ஒரே யேயே ஓ" என்று கூப்பிட்டார்கள். யேயே என்றால் அம்மா. என் கை தானாகக் குவிந்தது.

ஆனால் என் மனசு நிறைந்தது காட்டில் அல்ல, ஊருக்குள் ஒரு பாட்டியின் வீட்டில்.

யொரூபாக்களிடையே இரட்டைப் பிள்ளைகள் அதிகம். முதலில் பிறப்பது தாய்வோ, அடுத்தது கெஹிந்தே. ஆனாலும் கெஹிந்தேதான் மூத்தது. உலகம் எப்படியிருக்கிறது என்று பார்த்துவர தாய்வோவை முன்னால் அனுப்பியதாம். இரண்டில் ஒன்று தவறிப்போனால், குறி சொல்லும் பபலாவோவைக் கேட்டு, சிற்பியிடம் ஒரு மரச்சிலை செய்யச் சொல்வார்கள். அதுதான் எரே இபெஜி. இரட்டையருக்கு உயிர் ஒன்றே என்பது நம்பிக்கை. அதனால் அந்தச் சிலையையும் குளிப்பாட்டி, ஊட்டி, உடுத்தித் தூங்கவைக்கிறார்கள்.

பாட்டிதான் கெஹிந்தே. அவர் மடியில் இருந்தது தாய்வோ. ஒரு சாண் உயரம், இடுப்பில் மணிச்சரம். போனது கைக்குழந்தை, சிலையோ வளர்ந்த பெண்ணாக நிற்கிறது. பின்னந்தலையில் உளி வரிகள் அப்படியே இருந்தன, நீலச்சாயம்கூடப் போகவில்லை. முகத்தில்தான் ஒன்றுமே இல்லை. கண்ணும் மூக்கும் கரைந்து மழமழவென்றிருந்தது. முதலில் அம்மா, அப்புறம் பாட்டி, ஓர் ஆயுளுக்கும் மேலாகக் கழுவிக் கழுவித் தேய்ந்த முகம் அது. அதற்கு மேல் ஓர் அலங்காரம் தெய்வத்துக்கு வேண்டுமா என்று தோன்றியது எனக்கு.

இப்படிப்பட்ட சிலைகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் ஏராளம். கண்ணாடிக்குள் இருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு யார் முகம் கழுவிவிடுவார்கள்? நினைத்ததும் தொண்டை அடைத்தது.

பாட்டி சிவப்பு மரப்பொடியைக் குழைத்துச் சிலைக்குப் பூசினார். செம்பனை எண்ணெயில் வெந்த பயறை அதன் உதட்டருகே தொட்டுக் காட்டினார். அப்புறம் தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஏழெட்டுப் பேர் ஓடிவந்தார்கள். அவர்களோடு வரிசையில் உட்கார்ந்து நானும் கை நீட்டினேன்.