கட்டுச்சோறோடு கெல்லருக்கு

ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க எனக்குத் தெரிந்த ஊர் என்பது வீடு, ஆபீஸ், இந்தியக் கடை, ஜெர்மன் வகுப்பு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் அடைப்பு, சாயங்காலம் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது, பக்கத்து வீட்டுக்காரர் பெயரே அழைப்பு மணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்ததைப் படித்துத்தான் தெரியும். இந்த ஊர்க்காரர்கள் எல்லாம் எங்கே போய் உட்கார்ந்து பேசுவார்கள் என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. இரண்டாவது மே மாதத்தில்தான் விளங்கியது. மலை மேல், மரத்தடியில், கெல்லரில்.

கெல்லர் என்றால் நிலவறை. ஆனால் இந்த ஃபிராங்கன் பகுதியில், அதாவது பவேரியாவின் வடக்குப் பக்கத்தில், யாரும் கெல்லருக்குள் போகிறேன் என்று சொல்வதில்லை, கெல்லர் மேல் போகிறேன் என்றுதான் சொல்வார்கள். வகுப்பில் படித்த இலக்கணத்தை வைத்து நான் தவறாகக் கேட்கிறேன் என்றே முதலில் நினைத்தேன். விஷயம் என்னவென்றால், இந்தப் பக்கத்து பீர் குளிர்ச்சியில்தான் நொதிக்க வேண்டும், வெயில் காலத்தில் காய்ச்சினால் புளித்துக் கெட்டுவிடும். பவேரியாவில் 1553-ல் இதற்குச் சட்டமே போட்டார்கள்: செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் காய்ச்சலாம். அப்படியென்றால் கோடைக்கு வேண்டிய பீரை முன்கூட்டியே காய்ச்சி எங்காவது ஜில்லென்று வைத்திருக்க வேண்டுமே, அதற்காக மலையைக் குடைந்தார்கள், குடைந்த இடத்துக்கு மேலே வெயில் இறங்காமலிருக்க நிழல் மரங்களை வளர்த்தார்கள், அப்புறம் அந்த நிழலிலேயே பெஞ்சும் போட்டு பீரையும் ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1870-களில் லிண்டே என்பவர் குளிர்சாதன இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு நிலவறைக்கு வேலை குறைந்துபோனது. மரமும் பெஞ்சும் அப்படியே இருக்கின்றன. எர்லாங்கனில் அந்த மலைச்சரிவில் 1755-லிருந்து வருடா வருடம் பெந்தெகொஸ்தே சமயத்தில் பன்னிரண்டு நாள் திருவிழாவே நடக்கிறது, ஊரில் அதை வெறும் 'பெர்ஹ்', மலை, என்றுதான் சொல்வார்கள்.

என்னை முதலில் கூட்டிப்போனவர் ஆபீஸ் நண்பர். சாப்பாடு நீங்களே கொண்டு வாருங்கள், குடிக்க மட்டும் அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு கடைக்குப் போய் நம் வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்து வைத்தால் விடுவார்களா? விடுவார்கள். பவேரியாவில் அது பழைய வழக்கம், இங்கே பல கெல்லர்களில் இன்றும் அப்படித்தான். மனைவி எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டினாள். பக்கத்துக் குடும்பம் ஒரு கூடையைத் திறந்து மேஜைத்துணி விரித்து, ரொட்டி, சீஸ், கத்தி, ஒரு பெரிய வெள்ளை முள்ளங்கி என்று எடுத்து வைத்தது. அந்த முள்ளங்கியை அந்த அம்மா சுருள் சுருளாக, விசிறி மாதிரி இழுத்தால் நீளும்படி வெட்டி, உப்பைத் தூவி, தொடாமல் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் சுருளின் விளிம்பெல்லாம் நீர் கோத்து முத்து முத்தாகச் சொட்டியது. முள்ளங்கி அழ வேண்டும், அழுத பிறகுதான் சாப்பிட வேண்டும் என்றார். காரம் இறங்கி, உப்பு ஏறி, பீருக்கு அப்படிப் பொருந்தியது. நாங்கள் வறுவலைத் தள்ளினோம், அவர்கள் முள்ளங்கியைத் தள்ளினார்கள். நம்மூரில் ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் கட்டுச்சோற்றைப் பிரித்து அக்கம்பக்கம் மாற்றிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் ஈரோட்டுக்காரன். எங்கள் வீட்டில் பீர் என்ற சொல்லையே யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். குடிக்கிற இடம் என்றால் ஆண்கள் மட்டும், டியூப்லைட் வெளிச்சம், பிளாஸ்டிக் டம்ளர், அவசரம். இங்கே தாத்தா, பாட்டி, தள்ளுவண்டியில் குழந்தை எல்லோரும் ஒரே மேஜையில். பிள்ளைகள் ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த ஷோர்லேவைக் குடித்துவிட்டு மண்ணில் விளையாடுகிறார்கள். ஒருவர் அரை லிட்டர் பீரை, அதை ஸைட்லா என்பார்கள், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். குடியால் இங்கேயும் குடும்பங்கள் கெடுகின்றன, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒளித்துக் குடிக்காத ஒரு ஊரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என் ஜெர்மன் வகுப்பில் வளரவில்லை, இந்தப் பெஞ்சுகளில்தான் வளர்ந்தது. மேஜையில் இடம் இருந்தால் கேட்டுவிட்டு உட்காரலாம், உட்கார்ந்தால் பேச்சு வந்துவிடும். ஒருமுறை ஒரு கிராமத்துக் கடையில் கேட்காமல் ஒரு மேஜையில் உட்கார்ந்துவிட்டேன், அது வாடிக்கையாக வருகிறவர்களின் மேஜை, ஷ்டம்டிஷ். நடுவில் ஒரு பித்தளைப் பலகை இருந்ததை நான் கவனிக்கவில்லை. பரிமாறுகிறவர் எழுப்பிவிட்ட விதம் எனக்கு வலித்தது. எழுந்து போகும்போது அந்த மேஜைக்கே வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தி, என் பக்கத்தில் உட்காருங்கள் என்றார். பெயர் கேட்டார். என் பெயரில் 'ப' இரண்டு முறை வரும், ஒன்று 'பாட்டு'வில் வருகிற மாதிரி, ஒன்று 'பஸ்'ஸில் வருகிற மாதிரி. ஃபிராங்கன்காரர்கள் வாயில் இரண்டுக்கும் வித்தியாசமே இருக்காது, எழுதும்போது மட்டும் "கடினமா, மிருதுவா?" என்று கேட்டுக்கொள்வார்கள். எங்கள் மொழியிலும் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் என்று பீர் தம்ளருக்கு அடியில் வைக்கிற அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அந்த ஒற்றை 'ப'வை அவர் மேஜை முழுக்கச் சுற்ற விட்டார். இன்றைக்கும் அந்த ஊருக்குப் போனால் அந்த மேஜைதான் எனக்கு.

சரி, பீருக்கு வருகிறேன். புதிதாக வருகிறவர்களை நான் முதலில் பாம்பெர்கிற்குத்தான் அனுப்புவேன், எர்லாங்கனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஸ்டேஷன் நெருங்கும்போது சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பழைய செங்கல் ஆலை தெரியும், அது வயர்மான், 1879-லிருந்து மால்ட் செய்கிறவர்கள், பார்லியை முளைகட்டி வறுத்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் வறுத்த தானிய வாசம் ஊரில் இறங்கும், நம் வீட்டில் சத்துமாவுக்கு வறுக்கும்போது வருமே, அதே.

பாம்பெர்கின் பெயர் சொல்வது ரவுஹ்பியர், புகை பீர். முளைத்த பார்லியைப் பழைய காலத்தில் பல ஊர்களிலும் விறகு நெருப்பில்தான் உலர்த்தினார்கள், அதனால் பல பீர்களில் புகை வாசம் இருந்திருக்கும். புகை படாமல் உலர்த்த வழி வந்ததும் மற்றவர்கள் மாறிவிட்டார்கள். ஷ்லெங்கர்லா, ஸ்பெட்சியால் என்ற இரண்டு ப்ரூவரிகள், அதாவது பீர் காய்ச்சும் இடங்கள், மாறவில்லை, இன்றும் பீச் மர விறகை எரித்துத்தான் உலர்த்துகிறார்கள். ஷ்லெங்கர்லாவின் மேர்ட்ஸன் என்ற கறுப்பு பீரை மரப் பீப்பாயிலிருந்து நேராகக் குழாயில் பிடித்துத் தருவார்கள். என்னோடு வந்த ஜெர்மன் நண்பர் ஒருவர், வடக்கே ஹாம்பர்க்காரர், புகையில் வாட்டிய பன்றி இறைச்சி மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். எனக்கு வந்தது வேறு. பாட்டி வீட்டு விறகடுப்பில் கருவேல விறகு வைத்துக் காய்ச்சிய பால், அதில் ஏறியிருக்கிற மெல்லிய புகை. இருபது வருடமாக நாக்கு மறந்திருந்த சுவை அது, கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். புகை பீரில் தொடங்கத் தயக்கமாக இருந்தால் ஸ்பெட்சியால் போங்கள், அங்கே புகை இன்னும் மெல்லியது. அப்புறம் வுண்டர்புர்க் பகுதியில் மார்ஸ் ப்ராய் என்ற ப்ரூவரி, அங்கே "ஒரு ஊ" என்று ஒற்றை எழுத்தைச் சொன்னாலே போதும். பீப்பாயை அடைக்காமல் நொதிக்க விட்ட பீர் என்பதற்கான முதல் எழுத்து அது, வாயு குறைவு, வயிற்றில் உப்பாது.

வந்த புதிதில் நானும் கிராஃப்ட் பீர் என்றால் அமெரிக்க ஹாப்ஸ், அதாவது பீருக்குக் கசப்பும் வாசமும் தருகிற பூ, போட்டு, மாம்பழ வாசமும் கசப்புமாக வருகிற ஐபிஏ வகை பீர் என்றுதான் தேடினேன். நியூரம்பெர்கில் அந்த மாதிரி நல்ல பீர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குப் பிடிக்கவும் செய்யும். அவர்களுக்குச் சட்டம்தான் தொல்லை. 1516-ல் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்று போட்ட விதியின் நிழல் பவேரியாவில் இன்னும் கனமானது, கொத்தமல்லி விதை சேர்த்துவிட்டு அதை பீர் என்று லேபிள் ஒட்ட முடியாது. பாம்பெர்க்காரர்கள் அந்த விதியைப் பேசினால், எங்கள் ஊரில் 1489-லேயே இருக்கிறது என்று சொல்லாமல் விட மாட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கட்டுப்பாடு புதியவர்களுக்கு அநியாயம். ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும்: அதே மூன்று பொருளில், பக்கத்துப் பக்கத்துக் கிராமத்தில், எப்படி இவ்வளவு வேறு வேறு சுவை என்பதுதான் என்னை இந்த ஊரோடு கட்டிப்போட்டது. பாம்பெர்க் இருக்கிற மேல் ஃபிராங்கன் வட்டாரத்தில் மட்டும் ஏறக்குறைய 150 ப்ரூவரிகள், மக்கள் தொகையோ ஏறக்குறைய 10 லட்சம். பல பீர்கள் அந்தக் கிராமத்தைத் தாண்டுவதே இல்லை, குடிக்க வேண்டுமென்றால் நாம்தான் நடக்க வேண்டும்.

நடந்தோம். அவுஃப்ஸெஸ் என்று ஒரு சின்ன ஊராட்சி, சுமார் 1,300 பேர், நான்கு ப்ரூவரி, மக்கள் தொகைக்கு அதிக ப்ரூவரி என்று 2000-ல் கின்னஸில் ஏறிய ஊர். நான்கையும் இணைத்து ஒரு நடைபாதை இருக்கிறது, கோதுமை வயல், காடு, மறுபடி வயல். அந்த நான்கில் ஒன்றான காத்தி ப்ராயின் கறுப்பு பீரை மோட்டார் பைக்காரர்கள் கூட்டத்துக்கு நடுவில் நின்று குடித்தேன், லேசான கருப்பட்டி வாடை. வண்டி எடுக்கவே எடுக்காதீர்கள். நியூரம்பெர்க் வட்டாரப் போக்குவரத்தின் ஒரு நாள் குடும்ப டிக்கெட்டைச் சனிக்கிழமை எடுத்தால் ஞாயிறும் செல்லும், ரயிலும் பேருந்துமாகச் சுற்றலாம்.

போன கோடையில் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். ஃபோர்ஹைமில் கெல்லர்வால்ட் என்று காட்டுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்ட கெல்லர்கள், எர்லாங்கனிலிருந்து உள்ளூர் ரயிலில் கொஞ்ச நேரம்தான். காட்டைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போனேன். அம்மா புளியோதரையைப் பிரித்தார். அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பேரனோடு வந்திருந்த ஒரு தாத்தாவை ரொம்ப நேரம் பார்த்தார். நான் ஷோர்லேதான் வாங்கியிருந்தேன். அப்பா முன்னால் வேறெதுவும் வாங்க எனக்குக் கை வராது. கொஞ்சம் கழித்து அவர், மேஜையைப் பார்த்துக்கொண்டே, "நீ எப்பவும் குடிக்கிறது எதுவோ அதையே வாங்கிக்கப்பா, எனக்காக உட்கார்ந்துட்டு இருக்காதே" என்றார். எழுந்து போய் ஒரு ஸைட்லா வாங்கி வந்தேன். அவர் அதை எடுத்து மோந்து பார்த்தார், குடிக்கவில்லை, என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அந்த நிலவறை எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்டார். எழுபத்திரண்டு வயதில், போர்வெல் போட்ட அனுபவத்தோடு, கடைக்காரரைக் கூப்பிடச் சொல்லி நான் மொழிபெயர்க்க முக்கால் மணி நேரம் பாறையைப் பற்றிப் பேசினார். கடைக்காரர் விளக்கை எடுத்துக்கொண்டு இருவரையும் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். அப்பா அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார், ஜூலை வெயிலில் சுவர் ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது.

இந்த வருடமும் ஜூலையில் வருகிறார்கள். ஃபோர்ஹைமில் 26-ஐ ஒட்டி அன்னாஃபெஸ்ட் என்ற திருவிழா இருக்கும், கூட்டம் தாங்காது, அது முடிந்த பிறகு போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். கடைக்காரருக்கு ஈரோட்டு மஞ்சள் கொண்டுவர வேண்டும் என்று அப்பா இப்போதே எடுத்து வைத்துவிட்டாராம்.