வெள்ளியங்கிரி இறக்கத்துக்குத் தொடையைப் பழக்குவது

பங்குனி, சித்திரையில் வெள்ளியங்கிரி அடிவாரமான பூண்டியிலிருந்து கோவை காந்திபுரம் வரும் பேருந்தின் படிக்கட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். இருபத்தைந்து வயதுப் பையன்கள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக வைத்து இறங்குவார்கள். முந்தின இரவு ஏழு மலைகளில் முதலாவதன் படிகளில் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடியவர்கள்தான். ஏற்றம் அவர்களை ஒன்றும் செய்யவில்லை, இறக்கம்தான் கவிழ்த்துவிட்டது.

ஏழு மலை ஏறிச் சிவனைக் கும்பிடப் போகும் வெள்ளியங்கிரிப் பாதை ஒருவழி சுமார் ஆறு கிலோமீட்டர். தூரத்தைக் கேட்டு ஏமாற வேண்டாம், அதற்குள் 1000 மீட்டருக்கு மேல் ஏற்றம் இருக்கிறது. ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால், பத்து மாடிக் கட்டடத்தை முப்பத்து மூன்று தடவைக்கு மேல் ஏறுவதற்குச் சமம். ஏறியதையெல்லாம் அன்றைக்கே இறங்கவும் வேண்டும். போதாததற்கு ஆறாவது மலையில் ஆண்டி சுனைக்கு இறங்கித்தான் ஏழாவது மலை ஏற முடியும். திரும்பும்போது அந்த இறக்கம் ஏற்றமாகிவிடும், அதுவும் கால் ஓய்ந்த நேரத்தில்.

இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பிரேக் பிடித்தபடி வண்டி இறக்குவது மாதிரி. தசையிழைகளில் நுண்ணிய கிழிசல் விழுவது இந்த வேலையில்தான் அதிகம். அதனால்தான் அன்றைக்கு நடுக்கம் மட்டும் இருக்கும், வலி அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்குப் போகும். நல்ல சேதி என்னவென்றால், ஒருமுறை இறங்கிப் பழகிய தசை பல வாரங்களுக்கு அந்தப் பழக்கத்தை வைத்திருக்கும். ஆகவே மாடிப் படியில் பயிற்சி எடுப்பவர்கள் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குவது சுத்த வீண். பயிற்சியில் பாதியை லிஃப்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

எட்டு வாரம் போதும், ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் 45 நிமிட வேக நடை. வேகம் என்றால் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. ஒரு நாள் படிக்கட்டு: முதல் வாரம் ஏறி இறங்கி 20 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஞாயிறு நீண்ட நடை, இரண்டு மணி நேரத்தில் தொடங்கி ஐந்து வரை. கோவைக்காரர்களுக்கு மருதமலைப் படி இருக்கிறது, எண்ணூற்றுச் சொச்சம். திருச்சியில் மலைக்கோட்டை, பழனியில் பழனியேதான். முதுகுப் பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் என்றால் இரண்டு கிலோ. அதையே ஐந்து கிலோ வரை மெல்ல ஏற்றுங்கள், எடைக்கல் வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். நான்காவது வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைக்க வேண்டும். இதைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் ஆறாவது வாரம் குதிகால் பிடித்துக்கொள்கிறது.

இவற்றோடு வாரம் இருமுறை, 20 செ.மீ. உயரப் படியின் ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று எண்ணிக்கையில் இறங்குங்கள். காலுக்குப் பத்து, மூன்று சுற்று. முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். இரண்டு தொடையும் பரவலாக வலித்தால் அது பயிற்சி வலி. ஒரு முழங்காலில் மட்டும் குத்தினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கடைசிக் கடினமான இறக்கம் மலைக்குப் பத்து நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். "முந்தின நாள் கொஞ்சம் ஓடிப் பார்க்கலாம்" என்பது போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

மலைக்கென்று புது ஷூ வாங்கிப் போவதும் அப்படித்தான். பழகிய ஷூவில் இறங்குவதற்கு முன் கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கினால் விரல் முன்னே போய் முட்டாது. நகத்தை நான்கு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். ஆயிரக்கணக்கில் விலை போட்ட அலுமினியக் குச்சி தேவையில்லை, அடிவாரத்து மூங்கில் தடி நன்றாகவே வேலை செய்யும். ஏறும்போது வீம்புக்கு வாங்காமல் போனவர்கள் இறங்கும்போது அடுத்தவர் தடியைப் பார்த்து ஏங்குகிறார்கள்.

விரதம் இருந்து வெறும் வயிற்றில் ஏறுவது பக்தியாக இருக்கலாம், கால்களுக்கு அது தெரியாது. மணிக்கு ஒருமுறை இரண்டு கடலை மிட்டாயோ நான்கு பேரீச்சையோ போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டையும் தலைதட்டி அளந்து போடுங்கள். உப்பு கூடினால் வாந்திதான் வரும். இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்வது சம்பிரதாயப் பேச்சல்ல. 2024 பருவத்தில் பலர் இந்த மலையில் இறந்திருக்கிறார்கள். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். தனியாக இறங்க வேண்டாம்.

இறங்கியதும் பெஞ்சில் சாயாமல் பத்து நிமிடம் மெல்ல நடங்கள், அப்போதுதான் பேருந்துப் படி ஏற முடியும். முடியாதவர்களுக்காகவே அடிவாரத்தில் வாடகைக் கார் நிற்கிறது. அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டால் மயக்கம் வரும், பேரம் பேசி நிற்கவோ கால் இருக்காது.