சாம்பல் நிறப் பெட்டி

"எனக்கு ஒண்ணும் இல்லியே மேடம், நான் இன்னாத்துக்கு மாத்திரை சாப்பிடணும்?"

குடியாத்தத்துப் பக்கம் பீடி சுற்றும் பெண். கணவர் லாரி ஓட்டுகிறார். சிறுநீர் போகும்போது எரிச்சல், சீழ் என்று அவர் முதலில் எங்கள் பால்வினை நோய் சிகிச்சை அறைக்குத் தனியாக வந்திருந்தார். "வீட்டுல தெரியக் கூடாது மேடம்" என்று கேட்டுக்கொண்டார். துணைக்கும் மருந்து கொடுக்காவிட்டால் உங்களுக்கே திரும்ப வரும் என்று சொன்ன பிறகுதான் மனைவியை அழைத்து வந்தார். அவளிடம் "உடம்புச் சூடு" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அவள் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே கிருமியைக் கொல்லும் இரண்டு மருந்துகள்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம், ஒரே வேளைக்கு. அப்புறம் கேட்டாள், "இது பிள்ள நிக்காம பண்ற மாத்திரையா?"

"இல்லம்மா. பிள்ளை தங்கணும்னுதான் இது."

இந்தப் பதிலைத்தான் இன்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொய் இல்லை. உடலுறவில் தொற்றும் வெட்டை நோய் (கொனோரியா), கிளமிடியா இரண்டும் பெண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் வரை ஏறி அடைத்துவிடும். அதன் பிறகு கரு நிற்பது கஷ்டம், நின்றாலும் குழாயிலேயே நின்று உயிருக்கு ஆபத்தாகலாம். எல்லாம் உண்மைதான். எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

சொல்லும் உரிமை எனக்கு இருந்ததா? எச்.ஐ.வி.க்கு 2017 சட்டம் இருக்கிறது. துணைக்கு ஆபத்து என்று தெரிந்து, எவ்வளவு எடுத்துச் சொல்லியும் தொற்று உள்ளவர் சொல்லமாட்டார் என்றால், அவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு ஆலோசகர் துணையிடம் சொல்லலாம். அந்தச் சட்டத்தில் வெட்டை நோய்க்கு இடமில்லை. ரகசியம் காப்போம் என்ற நம்பிக்கையில்தான் ஆண்கள் எங்கள் அறைக்குள்ளேயே வருகிறார்கள். அவள் மாத்திரை சாப்பிட்டாள், அதுதானே முக்கியம் என்று சில நாள் சமாதானமாக இருக்கும்.

ஆனால் அன்று அவளுக்கு எச்.ஐ.வி., சிஃபிலிஸ் பரிசோதனையும் செய்தோம். சம்மதம் வாங்கித்தான் செய்தோம். எதற்கு என்று முழுதாகத் தெரியாதவளின் சம்மதம் என்ன சம்மதம்? இரண்டிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. தொற்று ஏறிய புதிதில் எச்.ஐ.வி. பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம், அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னேன். "இப்பதான பார்த்தீங்க, இன்னும் எதுக்கு?" என்றாள். "ஒரு தடவை பார்த்துக்கிறது நல்லதும்மா" என்றேன். ஒரு நாள் பீடிக் கூலியை விட்டுவிட்டு வர இந்தக் காரணம் போதுமா?

1986-இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை இதே வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்துத்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதே முதலில் தெரிந்தது. இன்று விரல் நுனி ரத்தம் போதும், அரை மணியில் முடிவு. புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு மட்டும் அன்று இருந்த இடத்திலேயே நிற்கிறது.

ஆணுறையை அவரிடம்தான் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் சரியாகப் போட்டால் வெட்டை, கிளமிடியா, எச்.ஐ.வி. மூன்றுக்கும் நல்ல தடுப்பு. சிஃபிலிஸ், பிறப்புறுப்பு அக்கி (ஹெர்பிஸ்) போன்றவற்றில் உறை மூடாத இடத்துப் புண்ணிலிருந்தும் ஒட்டும், அதற்குக் கொஞ்சம் குறைவான காப்புதான். இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். போடச் சொல்லிக் கேட்கவேண்டிய அவளுக்கு, கேட்பதற்கு ஒரு காரணமும் நான் கொடுக்கவில்லை. பிள்ளை வேண்டும் என்பவள் ஆணுறையை எப்படிக் கேட்பாள்?

இப்போதெல்லாம் ஆண்களிடம், "நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்று வற்புறுத்துகிறேன். சிலர் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெண் அழுதுவிட்டு, அதன் பிறகு சரியான கேள்விகளாகக் கேட்டாள். இதுதான் வழி என்று நினைத்தேன். அடுத்து வந்த ஒருவர், நான் இப்படிச் சொன்னதும் எழுந்து போனவர், திரும்ப வரவே இல்லை. அவர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தச் சாம்பல் நிறப் பெட்டிகூடப் போய்ச் சேரவில்லை.