பாம்பு என்று சீட்டு ஒட்டிய உடும்பு

முதுகலை ஆய்வுக்காக ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குகை மண்ணில் சலித்தெடுத்த எலும்புகளை, மேற்பார்வையாளரின் அனுமதியோடு லீவில் சுங்கை சிப்புட் வீட்டுக்கே கொண்டுவந்து பார்த்தேன். கழுவுவது, காயவைப்பது எல்லாம் சுலபமாக முடிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உடும்பு எலும்புக்கூடு தேடியதில்தான் உயிர் போனது.

ஒரு காட்சிக்கூடத்தில் இருப்பதாகப் போனில் சொன்னார்கள். போனேன். கவுண்டரில் இருந்த கிராணி, கடிதத்தின் நகல் செல்லாது, ஒரிஜினல்தான் வேண்டும் என்றார். ஒரிஜினலோடு போனால் சாவி வைத்திருப்பவர் குர்சுஸ் (பயிற்சி வகுப்பு) போயிருந்தார். கடைசியில் கதவைத் திறந்து காட்டினார்களே, அங்கேதான் வயிறு எரிந்தது. முதுகெலும்பு முழுவதையும் கம்பியில் கோத்துப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நான் பார்க்க வேண்டியதோ முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று சேரும் முகங்களை! போகுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: எலும்புகள் தனித்தனியாகக் கழற்றி வைத்திருக்கிறதா?

தோட்டத்துச் சாலையில் செம்பனை லாரி அடித்த பியாவாக், அதாவது நீர் உடும்பு, ஒன்று கிடந்தது. “ஏம்மா, எடுத்துட்டு வரட்டா?” என்றார் மாமா. வேண்டாம் மாமா என்றேன். நீர் உடும்பு மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. செத்ததுதானே என்று உரிமம் இல்லாமல் எலும்பை எடுத்து வைத்துக்கொண்டால், ஆய்வை விட்டுவிட்டு வழக்கைப் பார்க்க வேண்டியதுதான்.

அப்புறம் ஒரு விரிவுரையாளரின் ஆய்வுக்கூடத்தில் உதிரி எலும்புப் பெட்டி கிடைத்தது. ஒரே மதியத்தில் விஷயம் தெளிந்தது. என் பை ஒன்றில் முதல் சுற்றில் பிரித்தவர் ‘பாம்பு’ என்று சீட்டு ஒட்டியிருந்தார். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை போல. பாம்பு முள்ளெலும்பின் முன்பக்கம், நரம்புக் குழாய்க்கு மேலே ஆப்பு போல ஒரு கூடுதல் முகம் நன்றாகத் தெரியும், ஸைகோஸ்ஃபீன் என்பார்கள். இதில் அது இல்லை. அடுத்த முள்ளெலும்போடு சேரும் பின்பக்கக் குமிழ் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது, குமிழுக்குச் சற்று முன்னால் இடுப்பு போல ஒடுங்கியும் இருந்தது. உடும்பேதான்! பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

தாடைத் துண்டுகளில் முதலில் பல் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். தாடை விளிம்பின் மேலேயே எலும்போடு எலும்பாகச் சேர்ந்திருந்தால் ஓணான் குடும்பம். உள்பக்கச் சுவரில் சாய்ந்து ஒட்டியிருந்தால் பல்லி, அரணை, உடும்பு எதுவாகவும் இருக்கலாம். உடும்புப் பல்லின் அடியில் நீளவாக்கில் மடிப்புகள் இருக்கும். சிறு லென்ஸ் போதும். ஓணானிலும் முன்பற்கள் சில உள்சுவரில்தான் ஒட்டியிருக்கும், ஆகவே முன்பக்கத் துண்டு மட்டும் கிடைத்தால் அவசரப்படக் கூடாது. இந்த ஒரு விஷயத்தை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. புகைப்படத்தை வைத்து முடிவு செய்வதும் வேண்டாம். குமிழின் சாய்வு நேர் படத்தில் தெரியவே தெரியாது.

மேற்பார்வையாளருக்கு இனப் பெயர் வேண்டுமாம். நம் காடுகளில் நீர் உடும்பு மட்டுமா இருக்கிறது? ஒற்றை முள்ளெலும்பை வைத்து எது என்று நான் சொல்வதாக இல்லை. ‘வாரனஸ்’ என்று உடும்புப் பேரினத்தோடு நிறுத்திப் புதுச் சீட்டு எழுதினேன். பழைய ‘பாம்பு’ சீட்டும் பைக்குள்ளேயே இருக்கிறது. அதை எறியக் கூடாது, யார் எப்போது என்ன நினைத்தார்கள் என்பதும் பதிவுதான்.