ஜெஃப்ரி கீட்டிங்கைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

முதுகலையில் 17ஆம் நூற்றாண்டு அயர்லாந்து வரலாற்றை எடுத்தவர்கள் ஜெஃப்ரி கீட்டிங் பெயரைக் கேட்டாலே கொஞ்சம் மிரள்வார்கள். நான் அந்த பேப்பரை எழுதியவன். கவிஞர், பாதிரியார், வரலாற்றாசிரியர் என்று மூன்று முகம் கொண்ட இவரை மனதார ரசித்துப் படித்தேன். இந்த வருடம் எழுதப்போகிறவர்களுக்கு என் படிப்புமுறை பயன்படலாம்.

முதலில் ஒன்று. அவருடைய பெரிய நூலான ‘ஃபொரஸ் ஃபாஸ எர் ஏரின்’ அயர்லாந்தின் வரலாற்றைச் சொல்வது. 1634 வாக்கில் ஐரிஷ் மொழியில் எழுதி முடிக்கப்பட்டது. உலகப் படைப்பு முதல், இங்கிலாந்தை ஆண்ட நார்மன்கள் 12ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக்கு வந்தது வரை நீள்கிறது. முதல் அத்தியாயத்தில் ஆரம்பித்தால் அரசர் பட்டியலிலேயே மூச்சு முட்டிவிடும். முன்னுரையிலிருந்து ஆரம்பியுங்கள். அது சம்பிரதாய முன்னுரை இல்லை, வழக்காடல்.

எதிர்த்தரப்பில் யார் யார் என்று பாருங்கள்: அயர்லாந்தைப் பற்றி அவருக்கு முன் எழுதிய ஜிரால்டஸ் கம்ப்ரென்சிஸ், ஸ்டேனிஹர்ஸ்ட், எட்மண்ட் ஸ்பென்சர், கேம்டன் முதலியோர். ஐரிஷ் மக்களை நாகரிகமற்றவர்கள் என்று எழுதியவர்களை கீட்டிங் சாணிவண்டோடு ஒப்பிடுகிறார். கோடைகாலத்தில் அந்த வண்டு தலையைத் தூக்கிக்கொண்டு பறக்கும். தோட்டம் முழுக்க ரோஜாவும் லில்லியும் பூத்திருந்தாலும் எதன்மேலும் உட்காராது. குதிரைச் சாணமோ மாட்டுச் சாணமோ கிடைத்ததும் அதில் போய்ப் புரளும். நாட்டில் மடங்கள் கட்டியவர்களையும் புலவர்களை ஆதரித்தவர்களையும் விட்டுவிட்டு, கீழ்மையை மட்டுமே தேடித் தேடி எழுதினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. இந்தப் பத்தியை மூலத்தோடு வைத்துப் படித்துவிடுங்கள். பகுதி கொடுத்து விளக்கச் சொல்லும் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

அடுத்து ஸ்டேனிஹர்ஸ்டுக்கு அவர் சொல்லும் பதில். வென்றவன் தோற்றவனின் மொழியை ஒழித்திருக்க வேண்டும் என்ற வாதத்தை எடுத்துக்கொண்டு, வெற்றியை இரண்டாகப் பிரிக்கிறார். கிறிஸ்தவ வெற்றி என்பது பணிவைப் பெற்றுக்கொண்டு மக்களையும் மொழியையும் விட்டுவைப்பது. நார்மன் வில்லியம் இங்கிலாந்தில் செய்தது அப்படி. மக்களைத் துடைத்தெறிந்து தன் ஆட்களைக் குடியேற்றுவது புறச்சமய வெற்றி. அதற்கு சாக்சன் தலைவன் ஹெங்கிஸ்ட் உதாரணம். 1630களில் இதை எழுதுகிறார் என்பதை மறக்காதீர்கள். 1601இல் கின்சேல் போரில் கேலிக் பிரபுக்கள் (அயர்லாந்தின் பூர்வ ஐரிஷ் குடித் தலைவர்கள்) ஆங்கிலேயரிடம் தோற்றது, 1607இல் அவர்கள் நாட்டைவிட்டு வெளியேறியது, வடக்கே அல்ஸ்டரில் பிரிட்டனிலிருந்து ஆட்களைக் குடியேற்றியது எல்லாம் நடந்து முடிந்திருந்த நேரம். பழைய வெற்றியைப் பற்றிப் பேசுவதுபோல் தன் காலத்துக்கே அளவுகோல் வைக்கிறார் என்பது என் வாசிப்பு.

இதோடு அவருடைய பிறப்பையும் சேர்த்துப் பாருங்கள். தென் அயர்லாந்தின் டிப்பரரிக்காரர். ஆனால் கேலிக் குலத்தவர் இல்லை. நார்மன் காலத்தில் வந்து குடியேறிய ‘பழைய ஆங்கிலேயர்’ வழி. பிரான்சில் இறையியல் படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். கேலிக் மக்களைப் புகழ்வது சொந்தக்காரப் பாசத்தால் இல்லை, நானே வெளியிலிருந்து வந்த வம்சம்தான் என்று முன்னுரையில் அவரே வாதிடுகிறார். கேலிக் வம்சத்தாரும் பழைய ஆங்கிலேயரும் கத்தோலிக்கர் என்ற முறையில் ஒரே ஐரிஷ் மக்கள் என்ற எண்ணத்துக்கு ஒரு நீண்ட கடந்தகாலத்தைக் கட்டித் தருகிறார். கட்டுரைக் கேள்விக்கு இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே போதும். புராணக் கதைகளை வரலாறாக எழுதிவிட்டார் என்று குறை சொல்லி இரண்டு பக்கம் நிரப்புவதில் பயனில்லை. அந்தக் கதைகள் பழைய சுவடிகளில் இருந்தவை. அவற்றைத் திரட்டி, சரளமான உரைநடையில் தொடர்ச்சியான கதையாக ஆக்கியதுதான் அவர் வேலை.

கவிதைகளைத் தனி நோட்ஸாக வைக்காதீர்கள். நாட்டிலிருந்து வந்த செய்தியால் இரவெல்லாம் தூக்கமில்லை என்று தொடங்கும் புலம்பலை முன்னுரைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால், வழக்கறிஞர்போல் வாதிட்ட அதே மனிதரின் வேதனை தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: அவர் பெயரில் வழங்கும் சில கவிதைகளை அவர்தான் எழுதினாரா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. விடையில் ‘கீட்டிங் பெயரில் வழங்கும்’ என்று எழுதுவது பாதுகாப்பு. அவருடைய சமய உரைநடை நூல்கள் இரண்டு. திருப்பலியைப் பற்றியது ஒன்று, மரணத்தைப் பற்றியது மற்றொன்று. இவற்றுக்கு ஒரு பத்தி போதும்.

மூலத்துக்கு ஐரிஷ் டெக்ஸ்ட்ஸ் சொசைட்டி 1902 முதல் 1914 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட பதிப்பை எடுங்கள். ஒரு பக்கம் ஐரிஷ், எதிர்ப்பக்கம் ஆங்கிலம். முன்னுரை முதல் தொகுதியில் இருக்கிறது. கார்க் பல்கலைக்கழகத்தின் செல்ட் (CELT) இணையதளத்தில் இலவசமாகவும் படிக்கலாம். 1723இல் அச்சான டெர்மட் ஓ’கானரின் ஆங்கில மொழிபெயர்ப்பை மேற்கோளுக்கு எடுக்காதீர்கள், மூலத்திலிருந்து நிறைய விலகுகிறது. ஆனால் அதன் தேதியை நினைவில் வையுங்கள். அதுவரை இந்த நூல் கையெழுத்துப் பிரதிகளாகவே ஊர் ஊராகப் பரவியது. அச்சு வந்த பிறகும் எழுத்தர்கள் ஐரிஷ் மூலத்தைப் படியெடுப்பதை நிறுத்தவில்லை. அச்சேறாத ஒரு நூல் எப்படி இவ்வளவு செல்வாக்குப் பெற்றது என்று கேள்வி வந்தால், விடையை இந்தப் படியெடுப்பிலிருந்து தொடங்குங்கள்.