பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் ஓர் இடம்: 2025 சீசனுக்கு முன் நாங்கள் கடந்து வந்தவை

எங்கள் மகன் இந்த ஆகஸ்ட்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆடவர் கால்பந்து அணியில் முதலாண்டு மாணவனாகச் சேர்கிறான். வட கரோலினாவின் கேரி நகரில் எங்களைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களில், கிளப் அணிகளில் நன்றாக ஆடும் பிள்ளைகளைப் பெற்றவர்கள், "எப்படிக் கிடைத்தது, எவ்வளவு செலவு, ஸ்காலர்ஷிப் உண்டா" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், நடந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஸ்காலர்ஷிப் கிடைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் 'வாக்-ஆன்', அதாவது படிப்புச் செலவை நாங்களே ஏற்க, அணியில் இடம் மட்டும் பெற்றவன்.

கிளப் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் பெற்றோர் பேசிக்கொள்ளும் 'ஃபுல் ரைடு', அதாவது முழுச் செலவுக்குமான உதவித்தொகை, என்பது ஆடவர் கால்பந்தில் மிக அரிது. அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவின் முதல் பிரிவில் 2025 சீசனுக்கு முன்புவரை ஒரு பல்கலைக்கழகம் ஆடவர் கால்பந்துக்கு அதிகபட்சம் 9.9 முழு உதவித்தொகைகளைத்தான் தர முடியும் என்று விதி இருந்தது. ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட அணிக்கு அதைப் பங்கிட்டால், சராசரியாக ஒருவனுக்கு மூன்றில் ஒரு பங்குதான் வரும். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு டாலரும் கிடையாது. எங்களுக்குக் கிடைத்த சலுகை முழுவதும் மதிப்பெண்ணுக்காகப் பல்கலைக்கழகம் தந்ததே தவிர, காலுக்காகத் தந்ததல்ல. ஆகவே, பயிற்சிக்காகப் பாடத்தைத் தள்ளிவைக்கலாம் என்று எண்ணும் வீடுகளில் அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

பத்தாம் வகுப்பு முடிந்தபின் வரும் ஜூன் 15ஆம் தேதி முதல்தான் முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் மாணவனிடம் நேரடியாகத் தேர்வு குறித்துப் பேசலாம். அதற்கு முன் நாம் எத்தனை மின்னஞ்சல் அனுப்பினாலும், பெரும்பாலும் தங்கள் கோடைக்கால முகாமின் விளம்பரத்தைத்தான் பதிலாக அனுப்புவார்கள். அந்த முகாம்கள் கட்டணம் கட்டிச் சேர்பவை, பயிற்சியாளர் குழுவுக்கு அவை ஒரு வருமான வழியும்கூட. "உங்கள் மகனை எங்கள் முகாமில் காண ஆவலாக இருக்கிறோம்" என்று வரும் கடிதத்தை அழைப்பாக எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். எங்கள் அனுபவத்தில் இரண்டு அடையாளங்கள் மட்டுமே நம்பத்தக்கவையாக இருந்தன: பயிற்சியாளர் தானாகவே கிளப் பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பதும், மகன் ஆடும் ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தின் பெயரைச் சொல்லி, அதற்கு வருவதாகச் சொல்வதும். இவை இரண்டும் இல்லாத முகாம்களுக்கு நாங்கள் பணம் கட்டவில்லை.

காணொளி விஷயத்தில் மகனே கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டான். மூன்று நிமிடத்துக்கு மேல் போகாமல், பாட்டு எதுவும் சேர்க்காமல், பந்து தன்னிடம் வருவதற்குச் சில நொடிகள் முன்பிருந்தே காட்சியைத் தொடங்கினான். அவன் இடது பின்காவல் வீரன். பந்து எதிர்ப்புறம் இருக்கும்போது அவன் எங்கே நிற்கிறான், எப்போது உள்ளே நெருங்கி வருகிறான் என்பதைப் பார்க்கத்தான் பயிற்சியாளர் விரும்புவார் என்பது அவன் வாதம். கோல்களை மட்டும் அடுக்கிய காணொளியை எதிர்பார்த்திருந்த என் கணவருக்கு அது உப்புச்சப்பில்லாமல் தோன்றியது. பதில் எழுதிய பயிற்சியாளர்களில் ஒருவர் அந்தக் காட்சிகளைத்தான் குறிப்பிட்டு எழுதியிருந்தார்.

பிள்ளை நன்றாக ஆடினால் போதும் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்த காலம் 2024 டிசம்பரோடு முடிந்தது. அந்த ஆண்டின் தேசிய இறுதியாட்டம் எங்கள் ஊரான கேரியில், வேக்மெட் மைதானத்தில் நடந்தது. போட்டிக்கான முன்தர வரிசையில் இடம்பெறாத வெர்மான்ட் அணி, கூடுதல் நேரத்தில் மார்ஷல் அணியை 2-1 என்று வென்றது. ஊரே வியந்த ஆட்டம்தான். ஆனால் நான் கவனித்தது வேறு. மார்ஷல் அணியின் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து வந்த வீரர்கள், தாடி வைத்த, தோள் அகன்ற ஆண்கள். ஐரோப்பிய கிளப்புகளின் இளையோர் அணிகளில் வளர்ந்து, இருபது, இருபத்தொரு வயதில் இங்கே வந்து சேர்பவர்கள் இந்த ஆட்டத்தில் இன்று ஏராளம். அத்தோடு, மாறுதல் பட்டியல், அதாவது 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வழியாக, ஏற்கெனவே இரண்டு மூன்று சீசன்கள் ஆடியவர்கள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தடையின்றிப் போகலாம் என்றும் ஆகிவிட்டது. உடனடியாக வெல்ல வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் ஒரு பயிற்சியாளர், பதினேழு வயதுப் பள்ளி மாணவனுக்காக மூன்றாண்டு காத்திருக்க என்ன காரணம் இருக்கிறது? குறை சொல்லவில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்வேன்.

இதற்கிடையில், 2024 இலையுதிர்காலத்தில் முதல் பிரிவுப் பல்கலைக்கழகம் ஒன்று, வாக்-ஆன் இடம் தருவதாக மகனுக்கு வாய்மொழியாக உறுதி சொல்லியிருந்தது. பெயர் வேண்டாம். உதவித்தொகை பெறுபவர்கள் கையெழுத்திடும் தேசிய ஒப்புதல் கடிதம் என்று காலங்காலமாக இருந்த நடைமுறையையே அந்த அக்டோபரில் ரத்து செய்துவிட்டார்கள். வாக்-ஆனுக்கு எழுத்து மூலமான பாதுகாப்பு அதற்கு முன்பும் இருந்ததில்லை. பிப்ரவரியில் ஒரு மாலை அந்தப் பயிற்சியாளரிடமிருந்து அழைப்பு வந்தது. மகன் சாப்பாட்டு மேசையில் ஃபோனை ஸ்பீக்கரில் வைத்தான். அவர் நலம் விசாரித்துவிட்டு, நேராக "இருபத்தெட்டு" என்ற எண்ணுக்கு வந்தார். அணியில் இனி 28 பேருக்கு மேல் இருக்க முடியாது, திரும்பி வருபவர்களும் மாறுதலில் வருபவர்களும் சேர்ந்தாலே அந்த எண்ணிக்கை நிரம்பிவிடும் என்றார். மகன் "யெஸ், கோச்" என்றும் "தேங்க் யூ, கோச்" என்றும் மட்டும் சொன்னான். அழைப்பு முடிந்ததும் தட்டில் மீதியிருந்த தோசையைச் சாப்பிட்டு முடித்துவிட்டு மாடிக்குப் போனான்.

அந்த 28 எங்கிருந்து வந்தது என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் இனி வரும் பிள்ளைகளையும் அது பாதிக்கும். விளையாட்டு மாணவர்களுக்குப் பணம் தருவது தொடர்பான 'ஹவுஸ்' வழக்கின் உடன்படிக்கையில், உதவித்தொகைக்கான உச்சவரம்புகளை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒவ்வோர் அணிக்கும் ஆள் எண்ணிக்கையில் உச்சவரம்பு வைத்தார்கள். ஆடவர் கால்பந்துக்கு அது 28. முன்பு 9.9 என்ற கட்டுப்பாடு பணத்துக்குத்தான் இருந்தது. பணம் வாங்காமல் எத்தனை பேர் வேண்டுமானாலும் அணியில் இருக்கலாம். இப்போது பணத்துக்கு வரம்பில்லை, ஆளுக்கு வரம்பு. ஆக, அடிபட்டவர்கள் வாக்-ஆன்கள்தான். இதை நீதிபதி கிளாடியா வில்கனே கண்டித்து, ஏப்ரலில் ஒப்புதலை நிறுத்தி வைத்தார். வரம்பை எதிர்பார்த்து முன்கூட்டியே நீக்கப்பட்டவர்களையும், இடம் உறுதி சொல்லிப் பின் மறுக்கப்பட்ட பள்ளி மாணவர்களையும் ஒரு தனிப் பட்டியலில் சேர்த்து, அவர்கள் 28 என்ற கணக்கில் வரமாட்டார்கள் என்று திருத்திய பிறகே, 2025 ஜூன் 6 அன்று உடன்படிக்கை இறுதியானது. ஆனால் அந்தத் திருத்தம் பயிற்சியாளருக்கு அனுமதி தந்ததே தவிர, கடமை எதையும் சுமத்தவில்லை. அதற்குள் மகன் வேறிடத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று.

இந்த வேறிடம் கிடைத்ததற்கும் அதே உடன்படிக்கைதான் காரணம் என்பது ஒரு விசித்திரம். வரம்பு, உடன்படிக்கையில் சேர்ந்து மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் தர முன்வரும் பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே பொருந்தும். சேராதவை பழையபடி ஆள் வைத்துக்கொள்ளலாம். சிறிய கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகங்களின் குழு) ஒன்றைச் சேர்ந்த, முதல் பிரிவில் ஆடும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு, விளையாட்டை நினைக்காமல் பாடத்துக்காகவே மகன் விண்ணப்பித்திருந்தான், அனுமதியும் வந்திருந்தது. அங்குள்ள துணைப் பயிற்சியாளர் முன்பு ஒருமுறை பதில் எழுதியவர். இந்த முறை மகன் அவரிடம் கேட்ட கேள்விகள் மாறியிருந்தன. உடன்படிக்கையில் சேரப் போகிறீர்களா? இடது பின்காவலில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள், அவர்கள் எந்த ஆண்டு? போர்ட்டலிலிருந்து அந்த இடத்துக்கு ஆள் தேடுகிறீர்களா? வெளியூர் ஆட்டங்களுக்கு எத்தனை பேரை அழைத்துச் செல்வீர்கள்? ஆகஸ்ட் முகாமுக்குப் பிறகு யாரையாவது நீக்குவீர்களா? சேரும் எண்ணம் இல்லை என்று அவர் சொன்னார், பின்னர் பல்கலைக்கழகமும் அதே முடிவை எடுத்தது. மற்றவற்றுக்கு வந்த பதில்கள் எல்லாம் இனிப்பாக இல்லை. முதலாண்டில் வெளியூர்ப் பயணம் அநேகமாக இருக்காது என்றும் தெளிவாகச் சொன்னார். கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னதே போதும் என்று முடிவு செய்தோம்.

பிறகு காகிதப் படலம். என்சிஏஏ தகுதி மையத்தின் கல்வி நிபந்தனை நம் பிள்ளைகள் பெரும்பாலோருக்குக் கடினமல்ல: உயர்நிலைப் பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள், அவற்றில் நான்குக்குச் சராசரி 2.3, அந்தப் பதினாறில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வின் மதிப்பெண் இப்போது தேவையில்லை. கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு பள்ளிக்கும் அங்கீகரிக்கப்பட்ட பாடங்களின் பட்டியல் ஒன்று தகுதி மையத்தின் தளத்தில் இருக்கிறது என்பதும், அதில் இல்லாத இணையவழிப் பாடம் கணக்கில் வராது என்பதும்தான். எட்டாம் வகுப்பிலேயே உயர்நிலைக் கணிதம் முடித்த பிள்ளைகளுக்கு, அந்தப் பாடம் மதிப்பெண்ணோடும் கிரெடிட்டோடும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழில் ஏறியிருந்தால் அது செல்லும். பணம் வாங்கி ஆடியதில்லை, முகவர் யாரும் இல்லை என்கிற தொழில்முறை அல்லாமைக் கேள்விகளுக்கு மகன் பதில் எழுதினான்; ஏப்ரல் 1க்குப் பிறகு இறுதிச் சான்று கோர வேண்டும், பள்ளி முடித்ததற்கான சான்றிதழ் ஜூனில் போய்ச் சேர வேண்டும். பள்ளி ஆலோசகர்கள் கோடை விடுமுறைக்குக் கிளம்பும் முன் அதை அனுப்ப வைப்பதுதான் உண்மையான வேலை.

மருத்துவப் பரிசோதனை பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் நடந்திருக்க வேண்டும். ரத்தச் சிவப்பணுக்களைப் பாதிக்கும் அரிவாள் செல் மரபுக்கூறு உண்டா இல்லையா என்பதற்கான சோதனை முடிவையும் கேட்டார்கள். இங்கே பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் பிறந்தவுடனேயே அந்தச் சோதனை செய்யப்படுவதால், குழந்தை மருத்துவரிடம் பழைய பதிவைக் கேட்டு வாங்கினால் புதிதாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. உட்கொள்ளும் சத்துப்பொருள்கள் எல்லாவற்றையும் அணியின் உடல்நலப் பயிற்றுநரிடம் முன்கூட்டியே காட்ட வேண்டும், மூலிகைப் பொருள்கள் உட்பட. ஊரிலிருந்து என் மாமியார் கொடுத்தனுப்பிய லேகிய டப்பாவின் படத்தை மகன் அவருக்கு அனுப்பினான். உள்ளே இருப்பவற்றின் முழுப் பட்டியல் இல்லாத எதையும் சாப்பிடாதே என்று ஒரே வரியில் பதில் வந்தது. பாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் தொடக்கத்தில் பயிற்சி அட்டவணை வந்தது. ஆகஸ்ட்டில் போய் இறங்கியவுடன் உடல்திறன் சோதனை: இருபது மீட்டர் போய் இருபது மீட்டர் திரும்ப வேண்டும், பத்து நொடி ஓய்வு, மறுபடி ஓட்டம், ஒலி வரவர இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். வட கரோலினாவின் ஜூலைப் புழுக்கத்தில் காலை ஆறு மணிக்கே சட்டை நனைந்துவிடும். அவனும் கிளப் நண்பன் ஒருவனும் கூம்புகளை வைத்து, ஃபோனில் அந்த ஒலியைப் போட்டு ஓடுவார்கள். என் கணவர் எந்தக் கட்டத்தில் நின்றான் என்று ஒரு நோட்டில் எழுதுவார். சோதனையில் தேறாதவர்கள் அணியிலிருந்து நீக்கப்படுவதில்லை, ஆனால் தேறும்வரை மற்றவர்களோடு பந்தைத் தொட விடமாட்டார்கள் என்று மூத்த மாணவன் ஒருவன் எச்சரித்திருக்கிறான். ஏறக்குறைய இரண்டு வாரம்தான் முகாம் என்னும்போது அது பெரிய தண்டனை.

சீசனைப் பற்றி எங்களுக்குப் பெரிய கனவுகள் இல்லை. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் கணக்கில் வரும் ஆட்டங்கள் தொடங்கி, நவம்பர் நடுவில் கான்ஃபரன்ஸ் போட்டியோடு முடியும். வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள் வரை, இடையில் பேருந்துப் பயணம், வகுப்புகள். பயிற்சியும் ஆட்டமும் சேர்ந்து வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஒரு நாள் கட்டாய ஓய்வு என்பது விதி. தேசியப் போட்டியில் 48 அணிகள். சிறிய கான்ஃபரன்ஸிலிருந்து அங்கே போக நடைமுறையில் ஒரே வழி, கான்ஃபரன்ஸை வெல்வதுதான். தொலைக்காட்சியில் ஐரோப்பிய ஆட்டம் பார்த்துப் பழகிய என் கணவருக்கு இந்த ஆட்டத்தின் சில வழக்கங்கள் பிடிக்கவில்லை: கடிகாரம் 45இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குகிறது, மாற்றி எடுக்கப்பட்டவன் இரண்டாம் பாதியில் ஒருமுறை மீண்டும் உள்ளே வரலாம். வாக்-ஆனின் அம்மாவுக்கு அந்த இரண்டாவது விதி மிகவும் பிடிக்கும். களத்தில் அதிகம் பேருக்கு இடம் கிடைக்கிறது.

முதலாண்டை 'ரெட்ஷர்ட்' ஆக, அதாவது ஆட்டத்தில் இறங்காத ஆண்டாக, வைத்துக்கொள்ளலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. முறையான ஆட்டம் ஒன்றில் சில நிமிடங்கள் இறங்கினாலும் நான்கு சீசன்களில் ஒன்று கழிந்துவிடும். இறங்காமல் பயிற்சி மட்டும் செய்தால் அது மிஞ்சும். துணைப் பயிற்சியாளர் இதை ஆகஸ்ட்டில் நடக்கும் நட்பு ஆட்டங்களுக்குப் பிறகு பேசலாம் என்றிருக்கிறார், அவை சீசன் கணக்கில் சேராதவை. மகனுக்கு ஆட வேண்டும். என் கணவருக்கு ஐந்தாம் ஆண்டுக் கட்டணம் நினைவுக்கு வருகிறது. விடுதியில் மற்ற மாணவர்களுக்கு முன்பே சேருவதற்கான தனிப் படிவத்தை நேற்று அனுப்பிவிட்டோம். காப்பீட்டு அட்டையின் இரண்டு பக்கங்களையும் தெளிவாகப் படமெடுத்து மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், இன்று அந்த வேலை பாக்கி.